கடைசி வண்டிக்குப் பின்னால்

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ளவர்களையெல்லாம் ஏற்றி இறக்குகிற மனிதருக்குத் தன்னை ஒரு மலையில் ஏற்றிக்கொள்ளத் தெரியவில்லை என்று அவருடைய பட்டறையில் ஒரு வருடமாகச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். எல்லாவற்றுக்கும் ஒரு போட்டோதான் காரணம்.

எங்கள் ஊர் சைக்கிள் சங்கம் வருடத்துக்கு ஒருமுறை ஒரு மலைப்பயணம் நடத்தும். மூன்று மலைகளை ஏறி இறங்கி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டும். பந்தயமெல்லாம் இல்லை. முடித்தவர்கள் கழுத்தில் ஒரு பதக்கம் தொங்கும், அவ்வளவுதான். எல்லாருக்கும் கடைசியில் ஒரு வண்டி வரும். முடியாதவர்களையும் ரொம்பப் பின்தங்கியவர்களையும் அது ஏற்றிக்கொள்ளும். சங்கத்தில் அதற்கு ஒரு கௌரவமான பெயர் இருக்கிறது. சைக்கிள் ஓட்டுகிறவர்கள் வைத்த பெயர் குப்பை வண்டி.

போன வருடம் இரண்டாவது மலையில் என் வீட்டுக்காரர் அந்த வண்டியில் ஏறினார். ஓட்டி வந்தவன் அவருடைய சொந்தத் தம்பி. என் கொழுந்தனுக்கு ரொட்டிக்கடை. கடைகளுக்கு ரொட்டி போடும் வேனைத்தான் அன்றைக்கு மட்டும் சங்கத்துக்குக் கொடுப்பான். காலித் தட்டுகளுக்கு நடுவே, ரொட்டி மூடும் துணியைப் போர்த்திக்கொண்டு, கையில் பாதி வாழைப்பழத்தோடு வாயைப் பிளந்து தூங்கிய அண்ணனை அவன் படம் எடுத்தான். எடுத்தவன் அதோடு விட்டானா? சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் அனுப்பினான். அது எப்படியோ சுற்றிப் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே அதைப் பெரிதாக அச்சடித்து, இரும்புக் கயிற்றுச் சுருள்கள் தொங்கும் சுவரில், தலைக்கவசங்களுக்கு மேலே ஒட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து அவர் பெயர் மூட்டை. ரசீது போடும் அம்மாகூட "மூட்டை சார், டீ குடிச்சீங்களா?" என்று கேட்பாராம்.

அவரும் அங்கே சேர்ந்து சிரிப்பார். வெளியில் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து மெல்லுகிற ஜாதி அவர். சாப்பிடும்போது திடீரென்று கை நின்றுவிடும். "என் தம்பியே பண்ணிட்டான் பாரு" என்பார். தம்பிமேல் கோபமா என்று கேட்டால் இல்லை என்பார். இல்லைதான். அந்தத் தம்பியைச் சைக்கிளின் முன்கம்பியில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவர் அவர். நான் வாழ்க்கைப்பட்டு வந்தபோது அவன் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு, அடுப்படியில் என் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்தான். கோபம் இருந்திருந்தால் ஒரு சண்டையோடு தீர்ந்திருக்கும். இது வீம்பு. வீம்புக்கு மருந்து கிடையாது.

ஒரு வருடம் விடிவதற்கு முன்னால் எழுந்து ஓட்டினார். சைக்கிள் எங்கள் சமையலறையில் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் நின்றது. என் துண்டுகளில் எல்லாம் சங்கிலி எண்ணெய். இவரைத் தனியாக விடக் கூடாது என்று நானும் ஒரு பழைய சைக்கிளை வாங்கிக்கொண்டு கிளம்பினேன். கழுதைக்கு வாழ்க்கைப்பட்டு உதைக்குப் பயந்தால் ஆகுமா?

எனக்கு ஏற்றத்தைப் பற்றிக் கவலை இல்லை. ஏற்றத்தில் அவர் நத்தை. நத்தை விழுந்தால் ஒன்றும் ஆகாது. என் பயமெல்லாம் இறக்கம்தான். மேட்டில் பட்ட அவமானத்தையெல்லாம் பள்ளத்தில் தீர்த்துக்கொள்வதுபோல் பிரேக்கைத் தொடாமல் பாய்வார். வளைவில் தன் பக்கம், எதிர்ப்பக்கம் என்று பார்க்கமாட்டார். சாலை முழுவதும் தன் பாட்டன் சொத்து மாதிரி குறுக்கே வெட்டி இறங்குவார். இவரை முழு எலும்போடு வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்ற ஒரே எண்ணத்தோடுதான் மகளை வீட்டில் விட்டுவிட்டு நான் அன்றைக்குக் கிளம்பினேன்.

காலையில் வானம் ஒரு மாதிரியாக இருந்தது. மழையும் இல்லை, வெயிலும் இல்லை. ஊர் எல்லையில் கல்குவாரிக்குப் போகும் சாலை பிரிகிற இடத்தில் லாரிகள் வரிசையாக நின்றன. கடைசி மலையிலிருந்து நாங்கள் இறங்கி வருவது அந்தச் சாலை வழியாகத்தான். அதனால் போலீஸ் அதை அடைத்து வைத்திருந்தது. நான் ஒரு எடைமேடையில் வேலை பார்க்கிறேன். லாரிகளை மேடையில் ஏற்றி, பாரம் பார்த்துச் சீட்டு கொடுப்பது என் வேலை. அந்த டிரைவர்களில் பாதிப் பேரை எனக்குத் தெரியும். நடைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர்கள். ஒரு நடை கைவிட்டுப் போனால் வயிற்றில் அடித்த மாதிரி.

வரிசையில் நாலாவதாக நின்றவன் ஒரு கட்டைமீசைக்காரன். கதவைத் திறந்து கால்களைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான்.

"எப்பக்கா விடுவாங்க?"

"பச்சைக் கொடி கட்டின வேன் ஒண்ணு கடைசியா இறங்கி வரும். அது வந்துட்டா ரோடு உங்களுது."

"அதுவரைக்கும் ஈ ஓட்ட வேண்டியதுதான்," என்றான். அவன் சிரிக்கவில்லை.

கொழுந்தன் அப்போதுதான் வேனின் நெற்றியில் அந்தப் பச்சைக் கொடியைக் கட்டிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் பின்கதவைத் திறந்து, உள்ளே விரித்திருந்த மெத்தையைக் காட்டினான். அண்ணனுக்காகவே இந்த வருடம் தலையணையும் போட்டிருப்பதாகச் சொன்னான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார். அவருடைய கழுத்து நரம்பு புடைத்ததை நான் மட்டும் பார்த்தேன்.

என் ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி, முடிவிடத்தில் வந்து சேர்கிறவர்களுக்குப் பதக்கம் போடும் வேலையில் இருந்தாள். அத்தானுக்குத் தன் கையால்தான் போடுவேன் என்று சொல்லி அனுப்பினாள்.

முதல் மலை நன்றாகவே போனது. இரண்டாவது மலையில் போன வருடம் அவர் நின்றுபோன மைல்கல்லைத் தாண்டியபோது, திரும்பி அதன்மேல் துப்பினார். அதற்கே பாதி மூச்சு போய்விட்டது. மலையை இறங்கி முடித்தபோது எங்களுக்குப் பின்னால் யாரும் இல்லை. முன்னால் போனவர்களின் சத்தமும் கேட்கவில்லை. மூன்றாவது மலையின் அடிவாரத்தில் அவருக்குத் தொடையில் சதை பிடித்துக்கொண்டது. சைக்கிளைக் கீழே போட்டுவிட்டுப் புல்லில் காலை நீட்டிப் பல்லைக் கடித்தார். நான் பிடித்துவிட்டேன். விட்டுப் போனது, திரும்பவும் பிடித்தது.

"வண்டி வரட்டும்ங்க. ஏறிக்கலாம்," என்றேன்.

 சாலையோரத்தில் வைக்கோல் போட்டு வைக்கும் பலகைக் கொட்டகை ஒன்று இருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டார்.

"டேய், எங்களால முடியலடா. தெரிஞ்சவர் ஒருத்தர் கார்ல வந்தாரு. சைக்கிளையும் ஏத்திக்கிட்டு வீட்டுக்குக் கிளம்பிட்டோம். எங்களுக்காக நிக்காதே, நீ போய்க்கிட்டே இரு."

போனில் அவன் சிரிப்பது எனக்குக் கேட்டது. ஏதோ கிண்டல் செய்தான். இவரும் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுப் போனை வைத்தார்.  வண்டி நம்மைத் தாண்டிப் போகட்டும், அதற்குப் பிறகு நம் வேகத்தில் ஏறி இறங்கிப் போய்ச் சேரலாம், யார் கையையும் எதிர்பார்க்க வேண்டாம் என்று அவர் விளக்கினார். பதக்கம் இல்லாவிட்டால் போகட்டும், மூன்று மலையையும் தாண்டினேன் என்று பட்டறையில் நிமிர்ந்து சொன்னால் போதும் என்றார்.

"வண்டி போயிட்டா ரோட்டைத் திறந்துடுவாங்களே," என்றேன்.

"அவன் கீழ போயி, போலீஸ் தடுப்பை எடுத்து, லாரி ஏறி வர்றதுக்குள்ள நாம பாதி இறங்கியிருப்போம். நம்ம பக்கமா ஒதுங்கிப் போனா யாரு என்ன பண்ணப் போறா?"

சைக்கிள்களைக் கொட்டகைக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனோம். உள்ளே எலிப்புழுக்கை நாற்றம். பலகை இடுக்கு வழியாகச் சாலை தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் வேன் வந்தது. எங்களைத் தாண்டிப் போகும் என்று நினைத்தேன். சரியாகக் கொட்டகை முன்னால் நின்றது.

கொழுந்தன் இறங்கினான். கொட்டகையின் மூலைக் கம்பத்தில் வழிகாட்டும் அம்புப் பலகை ஒன்றைக் கட்டியிருந்தார்கள். கடைசி வண்டிக்காரன் அவற்றையெல்லாம் அவிழ்த்துக்கொண்டே போக வேண்டும். அவன் அதை அவிழ்க்க வந்தான். அவனுக்கும் எனக்கும் நடுவே ஒரு பலகைதான் இருந்தது. சீட்டியடித்துக்கொண்டே முடிச்சை நோண்டினான். முடிச்சு இறுகியிருந்தது, பல்லால் கடித்து இழுத்தான். கட்டைவிரலில் ரொட்டி அடுப்பில் சுட்டுக்கொண்ட பழைய தழும்பு தெரிந்தது. என் சைக்கிள் சக்கரம் லேசாகச் சுழன்று டிக் டிக்கென்றது. அதைக் கையால் அழுத்திப் பிடித்தேன்.

சீட்டி நின்றது. அவன் தலையைத் திருப்பிக் கொட்டகையைப் பார்த்தான்.

'தம்பி' என்று ஒரு வார்த்தை கூப்பிட்டால் போதும். தொண்டை வரை வந்தது. பக்கத்தில் என் வீட்டுக்காரர் விரலை உதட்டில் வைத்து, சத்தம் வராமல் குலுங்கிக்கொண்டிருந்தார். ஒளிந்து விளையாடுகிற பிள்ளை மாதிரி கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஒரு வருடத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. தம்பி முன்னால் இவரை இன்னொரு முறை கூனிக்குறுக வைக்க எனக்கு மனம் வரவில்லை. அவன் பலகையை வேனுக்குள் எறிந்துவிட்டு ஏறிக்கொண்டான். பச்சைக் கொடி படபடவென்று அடித்துக்கொண்டு மேலே போய் வளைவில் மறைந்தது.

அதற்குப் பிறகு அந்தச் சாலை வேறு சாலையாகிவிட்டது. காலையிலிருந்து மூலைக்கு மூலை மஞ்சள் சட்டைக்காரர் ஒருவர் நின்று கைகாட்டிக்கொண்டிருந்தார். இப்போது ஒருவரும் இல்லை. தண்ணீரும் பழமும் கொடுக்கும் மேஜை இருக்க வேண்டிய இடத்தில் மிதிபட்ட புல்லும், காகிதக் குவளை ஒன்றும் மட்டும் கிடந்தன. எங்கள் புட்டியில் இருந்தது ஒரு மடக்கு. நாங்கள் ஏறிக்கொண்டே இருந்தோம். அவர் கொஞ்ச தூரம் ஓட்டினார், கொஞ்ச தூரம் தள்ளினார். வானம் கீழே இறங்கி வருவதுபோல் இருந்தது. காற்று எங்களைப் பின்னுக்குத் தள்ளியது.

ஓர் இடத்தில் சாலை இரண்டாகப் பிரிந்தது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சாலை, அம்புப் பலகை இல்லை. கம்பத்தில் அதைக் கட்டியிருந்த கயிற்றின் துண்டு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. வழி தெரியுமா என்று கேட்டேன். போன வருடம் இந்த மலைக்கு வந்தபோது அவர் வேனுக்குள் தூங்கிக்கொண்டிருந்தார். பதில் சொல்ல அவருக்கே கூச்சமாக இருந்தது.

பக்கத்து மேய்ச்சல் நிலத்தில் ஒரு பெண்பிள்ளை மாடுகளை உள்ளே விட்டுவிட்டுக் கம்பிக்கதவைச் சங்கிலி போட்டுப் பூட்டிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் அவள் கை நின்றது.

"நீங்க இன்னும் இங்கேயா? வண்டி போயி எவ்வளவு நேரமாச்சு. இனிமே யாரும் வரமாட்டாங்கன்னு வண்டிக்காரர் சொன்னாரே."

நாங்கள் கொஞ்சம் தாமதம் என்று இவர் சமாளித்தார். அவள் வலதுபக்கச் சாலையைக் காட்டினாள். காட்டிவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இருட்டுகிற மாதிரி இருக்கிறது, லாரிகளை விட்டிருப்பார்கள், இங்கேயே உட்காருங்கள், என் தம்பி டிராக்டரில் கொண்டுபோய் விடுவான் என்றாள். எனக்கு உட்கார்ந்துவிட வேண்டும்போல் இருந்தது. இவர் நன்றி சொல்லிவிட்டுப் பெடலை மிதித்தார். நான் போனை எடுத்துக் கொழுந்தனைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பார்த்தேன். போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. திரும்பிப் பார்த்தபோது அவள் கதவைப் பூட்டாமல் அப்படியே நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 

உச்சிக்குப் போனோம். அதைச் சொல்லாமல் விட்டால் அவருக்கு நான் செய்கிற துரோகம். கடைசிக் கொஞ்ச தூரத்தை அவர் தள்ளவில்லை. எழுந்து நின்று மிதித்தே ஏறினார். மேலே ஒரு கல் இருந்தது, மலையின் உயரம் பொறித்தது. சைக்கிளை அதன்மேல் சாய்த்துவிட்டுக் கல்லைக் கட்டிக்கொண்டார். தோள் குலுங்கியது. ஐம்பதைத் தாண்டிய ஆள் ஒரு கல்லைக் கட்டிக்கொண்டு அழுவதைப் பார்க்க எனக்கும் அழுகை வந்தது. அந்த நேரம் எனக்கு அவர்மேல் அவ்வளவு பிரியமாக இருந்தது. என்னைப் படம் எடுக்கச் சொன்னார். எடுத்தேன். பட்டறைச் சுவரில் பழையதைக் கிழித்துவிட்டு இதை ஒட்டப்போவதாகச் சொன்னார்.

"மெதுவா வாங்க. உங்க பக்கத்தை விட்டு நகராதீங்க. சத்தியம் பண்ணுங்க," என்றேன்.

"சரிடி," என்றார். சத்தியம் பண்ணவில்லை.

முதல் இரண்டு வளைவுகள் என் கண்ணெதிரிலேயே ஒழுங்காக இறங்கினார். மூன்றாவதில் குனிந்துகொண்டார். நாலாவதில் காலையிலிருந்து பழகிய உடம்பு தன் புத்தியைக் காட்டிவிட்டது. எதிர்ப்பக்கம் போய், வளைவின் உள்மூலையை உரசிக்கொண்டு குறுக்கே வெட்டினார். "ஏங்க!" என்று கத்தினேன். காற்று என் வாய்க்குள்ளேயே திருப்பி அடித்தது. அடுத்த வளைவில் ஆளைக் காணோம்.

நான் பிரேக்கை இறுக்கிப் பிடித்தபடி இறங்கினேன். விரல்கள் மரத்துப் போயின. ஒரு பக்கம் மலைச்சுவர், மறுபக்கம் இடுப்பளவு கற்கட்டு, அதற்கு அப்பால் மரங்களின் உச்சி. அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. தினமும் கேட்கிற சத்தம். பாரம் ஏற்றிய லாரி முனகும். காலி லாரி உறுமும். இது உறுமல். ஒன்றல்ல, பின்னால் ஒன்று, அதற்கும் பின்னால் ஒன்று. நாள் முழுவதும் காத்துக்கிடந்த காலி லாரிகள் போன நடையைப் பிடிக்க ஏறி வந்துகொண்டிருந்தன.

முதல் லாரி வளைவில் மூக்கை நீட்டியது. நான் ஓரத்தில் கற்கட்டோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். அது தாண்டும்போது டிரைவரின் முகத்தைப் பார்த்தேன். எடைமேடை ஜன்னலிலிருந்து ஆயிரம் டிரைவர் முகம் பார்த்திருக்கிறேன். பொய் சொல்கிற முகம், தூக்கம் கெட்ட முகம், வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்த முகம் எல்லாம் தெரியும். ஒருவனை இடித்துவிட்டு வருகிற முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. இவன் கொட்டாவி விட்டான். கொட்டாவி விட்டால் ஒன்றும் நடக்கவில்லை என்றுதானே அர்த்தம்? இன்னும் கொஞ்சம் இறங்கினேன். இரண்டாவது டிரைவர் வாயில் எதையோ மென்றுகொண்டிருந்தான். மூன்றாவது ஆள் என்னைப் பார்த்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டான். பைத்தியங்கள் இன்னும் இறங்குகின்றனவே என்ற எரிச்சல் அது. அப்படியென்றால் இவரையும் பார்த்திருக்கிறான், உயிரோடு பார்த்திருக்கிறான். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

அதற்குப் பிறகு லாரி வரவில்லை.

காலையில் நின்ற வரிசை எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும். மூன்றோடு முடிகிற வரிசை இல்லை. உறுமல் கீழே எங்கோ கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு நீளமாக ஒரு ஹாரன். பிறகு என்னமோ ஒரு சத்தம், மரக்கிளைகள் ஒடிவதுபோல் தொடர்ந்து. அப்புறம் இன்ஜின்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. மலை முழுவதும் என் பிரேக் கிறீச்சிடுவது மட்டும் கேட்டது.  இறங்கிப் போய் அதைப் பார்ப்பதற்குப் பதிலாக, இந்த வளைவிலேயே காலம் முழுவதும் நின்றுவிடலாம்போல் இருந்தது. ஆனாலும் கால் தானாகப் போனது.

இன்னும் இரண்டு வளைவு தாண்டியதும் லாரிகள் நின்றன. முன்னால் நின்றது கட்டைமீசைக்காரனின் லாரி. கதவு திறந்து கிடந்தது, உள்ளே ஆள் இல்லை. அதற்கு முன்னால், சாலையின் நடுவில், என் வீட்டுக்காரரின் சைக்கிள் படுத்துக் கிடந்தது. முன்சக்கரம்கூட வளையவில்லை.

அவர் கற்கட்டின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். நின்றுகொண்டிருந்தார்! இரண்டு காலிலும். முழங்காலில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். நான் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன். அவர் முதுகில் அடித்தேன், தோளில் அடித்தேன், திட்டினேன், என்ன திட்டினேன் என்று எனக்கே தெரியாது. அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்து மூஞ்சியைப் புதைத்துக்கொண்டேன். வியர்வை நாற்றம் அடித்தது. அவ்வளவு நல்ல வாசனையை நான் முகர்ந்ததே இல்லை. சத்தமாக அழுதுகொண்டே, போதும், எனக்கு இது போதும் என்று சொன்னேன்.

அவர் திரும்பவில்லை. என்னைத் தொடவும் இல்லை. அப்போதுதான் அவருக்குப் பக்கத்தில் கற்கட்டு இல்லை என்பதைப் பார்த்தேன். ஒரு வண்டி அகலத்துக்குக் கற்கள் பெயர்ந்து போயிருந்தன. டிரைவர்கள் நாலைந்து பேர் அதற்கு அப்பால், செடிகளைப் பிடித்துக்கொண்டு சரிவில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். கட்டைமீசைக்காரன் மட்டும் மேலே நின்றான். பேயறைந்தவன் மாதிரி இருந்தான்.

"பின்னாலேர்ந்து எங்க எல்லாத்தையும் ஓவர்டேக் பண்ணிக்கிட்டு வந்தாருக்கா. அப்படி ஓட்டாதீங்கன்னு கத்தினேன். இவரு வளைவுல நடு ரோட்டுல வந்தாரு. அவரு ஸ்டியரிங்க ஒடிச்சிட்டாரு."

"யாரு?" என்றேன்.

அவன் என் வீட்டுக்காரரைப் பார்த்தான். அவர் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கீழே மரங்களுக்கு நடுவே ஏதோ வெள்ளையாகக் கிடந்தது. ரொட்டித் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிவு நெடுகச் சிதறியிருந்தன. இறங்கிப் போனவர்களில் ஒருவன் நிமிர்ந்து எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டினான். மேலும் கீழும் அல்ல, பக்கவாட்டில். என் வீட்டுக்காரர் அப்படியே மடங்கி உட்கார்ந்தார்.

என் இடுப்புப் பையில் போன் அடித்தது. இவ்வளவு நேரம் இல்லாத கோடுகள் இப்போது முழுசாக இருந்தன. ஓரகத்தி. அவளுக்குப் பின்னால் ஒலிபெருக்கியும் கைதட்டலும் கேட்டன.

"அக்கா, வீட்டுக்குப் போனீங்களான்னு போன் பண்ணா, நீங்க வரவே இல்லைன்னு உங்க பொண்ணு சொல்றா. இவர்கிட்ட சொன்னேன். 'அண்ணன் மேலதான் இருக்கான், லாரியை விட்டுட்டேனே'ன்னு சொல்லிட்டு வேனைத் திருப்பிக்கிட்டு ஓடினாரு. முகமே சரியில்லக்கா. உங்களக் கண்டுபுடிச்சிட்டாரா?"

என் வீட்டுக்காரர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"கண்டுபுடிச்சிட்டாரும்மா," என்றேன்.